கொலுப் பூங்காவின் தெருவிளக்கு: எல்.இ.டி.க்கு உரிய ரெசிஸ்டர் யாது என்னும் ஆய்வு

முதலில் ஆய்வெல்லை. வடக்கே ரிச்சி ஸ்ட்ரீட், தெற்கே அடையாற்றின் தென்கரை, மேற்கே மாம்பலம் ரயில் நிலையம், கிழக்கே கடல். இந்நான்கெல்லைக்குள் புரட்டாசி பிறந்ததும் மூன்று வகை மனிதர் பரபரப்பாகிறார்கள். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக்குப் பேரம் பேசுகிறவர்கள், தி. நகரில் படிக்கு விரிக்க ஜரிகைத் துணி தேடுகிறவர்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் கேட்கிறவர்கள். முதல் இரு வகையாரைப் பற்றி வாராவாரம் யாராவது எழுதிவிடுகிறார்கள். மூன்றாமவரை அறிவுலகம் சட்டை செய்யவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள், கொலுப்படிக்குக் கீழே போடும் பூங்கா. தாம்பாளத்தில் மண், அதில் முளைவிட்ட கேழ்வரகு, நடுவே ரோடு, ரோட்டோரம் குளிர்பான ஸ்ட்ராவில் செய்த தெருவிளக்கு. விளக்கின் உச்சியில் 5 மில்லிமீட்டர் எல்.இ.டி. ஒன்று.

மூல நூற்பா சிறியது. பேட்டரி வோல்டேஜிலிருந்து எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் வோல்டேஜைக் கழித்து, மிச்சத்தை வேண்டிய கரண்டால் வகுக்க. 9 வோல்ட் பேட்டரி, 2 வோல்ட் சிவப்பு எல்.இ.டி., 20 மில்லி ஆம்பியர் என்றால் மிச்சம் 7 வோல்ட், 0.02-ஆல் வகுக்க 350 ஓம். இதற்கு அடிப்படை போட்ட கியோர்க் ஓம் ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளி ஆசிரியர். 1827-இல் அவர் நூல் வந்தபோது சொந்த ஊரில் வரவேற்பு சுமார்தான். 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. வெளியூர்க்காரன் பாராட்டினால்தான் உள்ளூரில் மதிப்பு என்பது மயிலாப்பூருக்கு மட்டும் உரிய வழக்கமல்ல.

இந்த 350-ஐ நெஞ்சில் தாங்கிக்கொண்டு கடைக்குப் போகிறவருக்கு நேர்வது இது:

“அண்ணே, எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் வேணும்.”

“என்ன வேல்யூ?”

“350 ஓம்ஸ்.”

“முன்னூத்தி முப்பது இருக்கு. எத்தனை பாக்கெட்?”

கடைக்காரர் கணக்கை மறுக்கவில்லை, திருத்தவுமில்லை, கடந்து போகிறார். அவர் பக்கம் சாத்திரம் இருக்கிறது. 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற பன்னிரண்டு எண்களையும் அவற்றின் பத்து மடங்கு, நூறு மடங்குகளையும் செய்தால் போதும் என்று சர்வதேச மின்நுட்ப ஆணையம் 1952-லேயே வரையறுத்துவிட்டது. ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிட ஏறத்தாழ 1.21 மடங்கு. பத்து சதவீதம் கூடலாம், குறையலாம் என்று வைத்துக்கொண்டால் 330-இன் எல்லை 363-இல் முடிகிறது. 390-இன் எல்லை அதற்குள்ளாகவே 351-இல் தொடங்கிவிடுகிறது. இடையில் விழுகிற எண்ணுக்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்வார்.

கணக்கின் மற்ற உறுப்புகளையும் சோதித்தால் பரிதாபமே மிஞ்சும். 9 வோல்ட் பேட்டரி புதிதாக இருக்கும்போது 9-க்கு மேலே காட்டும், சரஸ்வதி பூஜைக்குள் 8-க்குக் கீழே இறங்கிவிடும். சிவப்பு எல்.இ.டி. 1.8-லிருந்து 2.2 வரை எதையும் கேட்கும். ரெசிஸ்டரின் தங்க வளையம் ஐந்து சதவீதம் இப்படி அப்படி இருக்கும் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. மூன்று சந்தேகங்களைப் பெருக்கி வகுத்து இரண்டு தசம இடத்துக்கு விடை எழுதுகிற மாணவர்களை நாம் உருவாக்கியிருக்கிறோம்.

இத்துறையில் நிலவும் தரிசனங்களுள் கணக்கர் மதத்தை மேலே கண்டோம். முன்னூற்றுமுப்பதர் என்போர் எந்த எல்.இ.டி.க்கும், எந்த பேட்டரிக்கும் 330 போடுவார்கள். காரணம் கேட்டால் குருபரம்பரையைச் சொல்வார்கள். சூனியவாதிகள் ரெசிஸ்டரே மாயை என்பவர்கள். இவர்களிடம் வலுவான பிரமாணம் உண்டு: 3 வோல்ட் பட்டன் செல்லை எல்.இ.டி.யின் இரண்டு கால்களுக்கிடையே செருகினால் மணிக்கணக்காக எரியும், ஒன்றும் ஆகாது. அந்தச் செல்லுக்குள்ளேயே தடை இருப்பதால் கரண்ட் தானாக அடங்குகிறது என்பதை அவர்கள் ஏற்பதில்லை. இதே துணிச்சலில் 9 வோல்ட்டுக்குத் தாவுகிறபோது சிவப்பு எல்.இ.டி. ஒரு கணம் ஆரஞ்சு நிறத்தில் ஜ்வலிக்கும். பிறகு வாசனை மட்டும்.

ரெசிஸ்டரை நீளக்கால் பக்கம் போடுவதா, குட்டைக்கால் பக்கம் போடுவதா என்பதில் வடகலை, தென்கலை அளவுக்குப் பிணக்கு உண்டு. ஒரே கம்பியில் ஓடும் கரண்ட் எங்கே அளந்தாலும் ஒன்றுதான் என்பதால் இரண்டும் சரி. பிணக்கு இதனால் தீராது. அப்படித் தீர்ந்த வரலாறு இவ்வட்டாரத்தில் கிடையாது.

அடுத்தது, பாடபேதம். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகத்துக்கு அருகே வசிப்பவர்கள் இப்பகுதியைக் கவனமாகப் படிக்க. ரெசிஸ்டரின் உடலில் உள்ள வளையங்கள் எழுத்துகள்: கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3 என்று வெள்ளை 9 வரை. பால்பழுப்பு உடலில் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு, தங்கம் என்றால் 330. இதுவரை சிக்கலில்லை. இப்போது அதிகம் விற்பது நீல உடலும் ஐந்து வளையமும் கொண்ட ஒரு சதவீத ரகம். நீலத்தின் மேல், அதுவும் இரவு பத்து மணிக்கு மஞ்சள் விளக்கின் கீழ், பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் ஒரே குலம். இதைவிடப் பொல்லாதது திசை. பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு என்றால் 1000 ஓம், பேச்சுவழக்கில் ஒன் கே. அதையே மறுமுனையிலிருந்து வாசித்தால் பழுப்பு, பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. அதாவது 110 ஓம். 110 மேற்சொன்ன பன்னிரண்டில் சேராது என்றாலும், ஒரு சதவீத ரகத்தில் இரண்டுமே கடையில் விற்கிற, முறையான எண்கள். ஓலைச்சுவடியைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்றும் புரியாது. ரெசிஸ்டரைத் தலைகீழாகப் பிடித்தால் நன்றாகப் புரியும், தப்பாக. ஒன் கே என்று நினைத்து 110-ஐ வைத்தால் 9 வோல்ட்டில் கரண்ட் 60 மில்லி ஆம்பியரைத் தாண்டும். பதிப்பாசிரியர் மல்டிமீட்டரைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கூட்டுக்குடித்தனம் பற்றி ஒரு குறிப்பு. சிக்கனம் கருதி ஒரு சிவப்பையும் ஒரு வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து, இரண்டுக்குமாக ஒரே ரெசிஸ்டர் போடுகிறார்கள். சிவப்பு எரியும், வெள்ளை எரியவே எரியாது. வெள்ளைக்கு 3 வோல்ட்டுக்கு மேல், சுமார் 3.2 வேண்டும், சிவப்போ 2-லேயே எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளை பழுது என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு. ஒரே நிற வெள்ளை மூன்றை வரிசையாகக் கோத்து 12 வோல்ட் அடாப்டரில் மாட்டுவது கௌரவமான வழி, மிச்சம் 2.4 வோல்ட்தான், 120 ஓம் போதும். மாறாக, அதே 12 வோல்ட்டில் ஒற்றைச் சிவப்பை 20 மில்லி ஆம்பியருக்கு எரித்தால் ரெசிஸ்டர் 0.2 வாட்டைச் சூடாக வெளியேற்றும். கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்கும். அது சாய்ந்திருக்கும் தெர்மோகோல் மலை குழிந்துவிடும்.

20 மில்லி ஆம்பியர் என்ற ஆரம்ப வாக்கியத்தையே யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் வியப்பு. நிக் ஹோலோன்யாக் 1962-இல் காட்டிய சிவப்பு எல்.இ.டி. மங்கல், அதன் வாரிசுகளுக்கு அவ்வளவு கரண்ட் தேவைப்பட்டது. இன்றைய எல்.இ.டி. 2 மில்லி ஆம்பியரிலேயே கண்ணில் குத்தும். கண்ணும் வெளிச்சத்தைக் கணக்காக அளப்பதில்லை: கரண்டை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாற்போலத்தான் இருக்கும். ஆகவே 330-க்கும் 470-க்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி எழுந்த வாதங்கள் யாவும், பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பற்றியவை. வீட்டுப் பெரியவர்கள் இதை அளக்காமலே அறிவார்கள். “என்னடா இது, கண்ணைக் கூசறதே, அம்பாள் முகமே தெரியலை” என்று பாட்டி சொன்ன மறுநிமிஷம் 330 கழற்றப்பட்டு ஒன் கே ஏறுகிறது. தெருவிளக்கு தெருவிளக்கு மாதிரி ஆகிறது. என் சார்பும் ஒன் கே பக்கமே.

அப்படியும் முன்னூற்றுமுப்பதர் ஏன் குறையவில்லை? கடையில் நூறு பீஸ் பாக்கெட்டாகத்தான் தருவார்கள். பூங்காவுக்கு நாலைந்து போதும். மிச்சம் மரப்பாச்சியோடு செய்தித்தாளில் சுருட்டப்பட்டுப் பரணுக்குப் போகிறது. அடுத்த ஆண்டு புதுப் பாக்கெட் வாங்கி வந்த அன்று மாலை, செட்டியார் பொம்மையின் வயிற்றடியில் அகப்படுகிறது. கையில் இருநூறு 330 இருக்கும்போது வேறு எண்ணைத் தேடுவதற்கு மனம் வருமா?

ஆணையத்தின் பன்னிரண்டு எண்களில் 82-ஐ மட்டும் யாரும் கேட்டு வாங்குவதில்லை. செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் 3.2 வோல்ட் வெள்ளை எல்.இ.டி.யை எரிக்கக் கணக்கு 90 ஓம் என்கிறது. அதற்குக் கீழே மிக அருகில் இருப்பது 82. அங்கும் எல்லாரும் 100-ஐத்தான் எடுக்கிறார்கள்.