மருந்து பிறந்தது, ஊருக்கு வந்ததா?

கேள்வி: புற்றுநோய்க்கு எப்போதுதான் மருந்து கண்டுபிடிப்பார்கள்? (விருதுநகர் வாசகர்)

எந்தப் புற்றுநோய்க்கு? அது ஒரே நோயல்ல. நூற்றுக்கு மேற்பட்ட நோய்களுக்கு ஒரே பெயர். சிலவற்றுக்கு மருந்து வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-ல் பிலடெல்பியாவில் இரண்டு விஞ்ஞானிகள் நோயாளிகளின் ரத்த அணுக்களில் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்த வினை அது என்று 1973-ல் ஜேனட் ரவுலி கண்டறிந்தார். அந்த மாற்றத்தால் உருவாகும் புரதத்தை மட்டும் குறிவைத்து அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோய் அது. இன்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு பேரன் பேத்தி எடுக்கிறார்கள்.

கேள்வி: மாத்திரை சரி, விலை? (ஈரோடு வாசகி)

சரியான இடத்தைத் தொட்டீர்கள். வெளிநாடுகளில் காப்புரிமை பெற்ற நிறுவனம் சொன்ன விலை மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் 10,000 ரூபாய்க்குள் தந்தன. இந்தியக் காப்புரிமை கேட்டு வந்த விண்ணப்பத்தை 2006-ல் நிராகரித்தது சென்னை காப்புரிமை அலுவலகம். பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் சட்டப்பிரிவு 3(டி)-ஐ எதிர்த்த வழக்கை 2007-ல் தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது; நிறுவனம் தோற்றது. மருந்தைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடம். அதை ஏழை வீட்டு அலமாரிக்குக் கொண்டுவந்ததில் நீதிமன்றத்துக்கும் பங்குண்டு.

கேள்வி: நித்தியகல்யாணியில் புற்றுநோய் மருந்து இருக்கிறதாமே? வீட்டு வாசலில் நிறையப் பூத்திருக்கிறது. கஷாயம் வைக்கலாமா? (தூத்துக்குடி வாசகர்)

மருந்து இருக்கிறது. கஷாயம் வேண்டவே வேண்டாம். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று இந்தச் செடியை ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தப் பாதையில் வந்தவைதான் வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும். ஏராளமான இலையிலிருந்து துளியளவே கிடைக்கும். அதையும் மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தக்குழாய் வழியாக மட்டுமே ஏற்றுவார்கள். அளவு கூடினால் நரம்பு மண்டலமே கெடும். செடி முற்றத்தில் பூக்கட்டும். மருந்து மருத்துவமனையில் ஏறட்டும்.

கேள்வி: என் தங்கை மகனுக்கு ரத்தப் புற்றுநோய். ஐந்து வயது. நம்பலாமா? (கும்பகோணம் வாசகி)

நம்புங்கள். 1947-48-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதற்கு முன் இந்த நோய்க்கு மருந்தே இல்லை. அந்த மருந்தை உருவாக்கித் தந்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இன்று குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் வகையில், வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நம் ஊரில் பெரிய எதிரி, பாதியில் நிற்கும் சிகிச்சை. இரண்டு மூன்று ஆண்டு நீளும். நடுவில் பையன் ஓடியாடி விளையாடுவான். குணமாகிவிட்டது என்று தோன்றும். அப்போதும் நிறுத்தாதீர்கள். பஸ் செலவு இல்லையென்றால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: பயாப்சி எடுத்தால் நோய் பரவுமா? (ஆம்பூர் வாசகர்)

அப்படி நடப்பது மிக மிக அரிது. பயாப்சிக்குப் பயந்து தள்ளிப்போடும் மாதங்களில் பரவுவதுதான் அதிகம்.

கேள்வி: மார்பில் கட்டி என்றால் முழு மார்பையும் எடுத்தே ஆக வேண்டுமா? (நாகர்கோவில் வாசகி)

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் இதைத் தனித்தனியே சோதித்தார்கள். கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு தந்த பெண்களும், முழு மார்பையும் இழந்த பெண்களும் ஒரே அளவுக்கு வாழ்ந்தார்கள் என்பது 2002-ல் வெளியான 20 ஆண்டுக் கணக்கு. ‘கரண்ட் வைப்பது’ என்று பயப்படுகிறோமே, அந்தச் சிகிச்சைதான் மார்பைக் காப்பாற்றுகிறது. மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: “என் மார்பை வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா?”

கேள்வி: நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே புற்றுநோயை ஏன் கொல்வதில்லை? (மதுரை மாணவி)

கொல்லப் போகும்போது புற்று தடுத்துவிடுகிறது. எதிர்ப்பு சக்தியின் படைவீரர்களான டி செல்கள் வரம்பு மீறாமல் இருக்க உடம்பே சில பிரேக்குகளை வைத்திருக்கிறது. புற்று அவற்றை மிதித்துக்கொண்டு தப்பிக்கிறது. அந்தக் காலை எடுக்கவைக்கும் வழியைக் காட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. மூளை வரை பரவிய மெலனோமாவுக்கு 2015-ல் இந்த வகை மருந்தையும் கதிர்வீச்சையும் பெற்ற முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், நூறு வயது கண்டு 2024-ல் மறைந்தார். எல்லாருக்கும் இது பலிப்பதில்லை, விலையோ லட்சங்களில். ஆகவேதான் மும்பை டாடா நினைவு மருத்துவமனை செய்த சோதனையைக் கொண்டாடுகிறேன். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிவோலுமாப் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமானார்கள். குறைந்த மருந்தில் கூடுதல் ஆயுள்: இதுவும் கண்டுபிடிப்புதான்.

கேள்வி: நூறு சதவீதம் குணமாக்கும் மருந்து வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே? (சேலம் வாசகர்)

பாதி உண்மை. 2022-ல் நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் மருந்து பெற்ற 12 பேருக்கும் மலக்குடல் கட்டி முற்றிலும் மறைந்தது. அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் அனைவரின் கட்டியிலும் மரபணுப் பிழைதிருத்தம் செயலிழந்திருந்தது. மலக்குடல் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதமே அந்த வகை. செய்தியை அனுப்பியவருக்கு இந்தப் பாதியையும் திருப்பி அனுப்புங்கள். நோயாளி வீட்டில் இருப்பவர்கள், கட்டி எந்த வகை என்று சோதித்தார்களா என மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கார்-டி சிகிச்சை இந்தியாவில் உண்டா? (கோவை வாசகர்)

உண்டு. நோயாளியின் டி செல்களை எடுத்து, புற்றை அடையாளம் காணும்படி மாற்றி, மறுபடி உடம்பில் ஏற்றும் முறை இது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடாவும் சேர்ந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. சிலவகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டும். அமெரிக்காவில் கோடிகள் ஆவது இங்கே லட்சங்களில் முடிகிறது. அந்த லட்சங்களும் இன்னும் இறங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் இப்படி ஏதாவது ஆராய்ச்சி நடந்ததுண்டா? (திண்டுக்கல் வாசகி)

உலகமே படித்த ஆராய்ச்சி நடந்தது! மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையில், அம்பிளிக்கை மருத்துவமனையோடு சேர்ந்து, 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களின் கர்ப்பப்பை வாயைச் செவிலியர்கள் பரிசோதித்தார்கள். கருவி? வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம், நீர்த்த நிலையில். தடவினால் கோளாறான இடம் வெளுத்துக் காட்டும். தேவையானவர்களுக்கு அப்போதே உறைகுளிர் சிகிச்சை. 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த பகுதிகளில் நோய் 25 சதவீதமும், மரணம் 35 சதவீதமும் குறைவு. உங்கள் ஊர்ப் பெண்கள் மருத்துவ வரலாற்றில் இருக்கிறார்கள். பெருமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடலாமா? (திருச்சி வாசகி)

போடுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் இந்த வைரஸ் என்று நிறுவிய ஹெரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் தந்தார்கள். அதே ஆண்டு ஸ்காட்லாந்து பள்ளிகளில் தடுப்பூசி தொடங்கியது. 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் நாட்டிலேயே ‘செர்வாவாக்’ என்ற பெயரில் இந்தத் தடுப்பூசி தயாராகிறது. தடுப்பூசி போட்டவர்களும் பின்னாளில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: அடுத்த பெரிய கண்டுபிடிப்பு எதுவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? (சென்னை வாசகர்)

ஆய்வுக்கூடத்துக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைக்கும் வழி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மறு ஆண்டே அங்கே சேர்ந்த வி. சாந்தா, 2021-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர்கள் கட்டியது அந்தத் தூரத்துக்கான பாலம். மிச்சத் தூரத்தை நாமும் கொஞ்சம் நடக்கலாம். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள். இந்த வாரமே போங்கள். போகும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிப் போங்கள்.