பருத்த எழுத்தின் இயல்பும் பயனும்

எழுத்துருக்களை எலும்பு தெரிபவை, சதைப்பிடிப்புள்ளவை என இரண்டு குலங்களாகப் பிரிக்கலாம். இரண்டாம் குலத்தின் செல்லப் பிள்ளை கூப்பர் பிளாக். சிகாகோவில் இயங்கிய பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1922இல் இதை வெளியிட்டது. வரைந்தவர் ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர், விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்து பிழைத்தவர். அவருக்கு எழுத்து வரையக் கற்பித்த ஃபிரெடெரிக் கௌடியோ, அளவான உடற்கட்டுள்ள புத்தக எழுத்துகளுக்குப் பேர்போனவர். மாணவரின் சரக்கு விற்றுத் தீர்ந்ததைக் கண்ட லான்ஸ்டன் மோனோடைப் நிறுவனம் தனக்கும் அப்படியொன்று வேண்டும் என்றது. கௌடி 1925இல் ‘ஹெவிஃபேஸ்’ என்ற எழுத்தை வரைந்து கொடுத்தார். பருமன் பெரியவர்களிடமிருந்து சிறியவர்களுக்கு இறங்குவது என்பது பொதுக் கருத்து. அது மேல்நோக்கியும் பரவும் என்பதற்கு அச்சுக்கலை தரும் சான்று இது.

இவ்வெழுத்தின் உடற்கூறு தனிக் கவனத்துக்கு உரியது. செரிஃப் எனப்படும் முனைக்குறிகள் இதிலும் உண்டு; ஆனால் உடல் பெருத்ததில் அவை பாதி விழுங்கப்பட்டுக் குமிழ்களாக எஞ்சியிருக்கின்றன. கூர்மூலை எங்கும் இல்லை. சாதாரண எழுத்துருவில் தட்டைப் பாதமுள்ளவை கோட்டின் மேல் நிற்கும். வட்டமானவை மட்டும் கோட்டுக்குக் கீழே சற்று இறங்கும். கூப்பர் பிளாக்கிலோ எல்லாப் பாதமும் உருண்டை. ஆகவே நிற்பது என்ற வினை இந்த எழுத்துகளுக்குக் கிடையாது, அமர்வது மட்டுமே உண்டு. ஆங்கில ‘ஓ’வின் உட்குழியும் செங்குத்தாக இல்லாமல், விருந்துண்டு திண்ணையில் சாய்ந்தவரைப் போலப் பின்பக்கம் சரிந்திருக்கும். கோட்டுக்குக் கீழே தொங்கும் வால்கள் மிகக் குட்டை. அதனால் வரிகளை ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி அடுக்க முடியும். இடத்துக்குக் காசு கொடுக்கும் விளம்பரதாரருக்கு இது சிறிய லாபமல்ல.

இந்த மழுங்கலுக்குத் தொழில் சார்ந்த நன்மையும் உண்டு. ஈய எழுத்தில் முதலில் தேய்வது கூர்முனை. சொரசொரப்பான தாளில் மை முதலில் கசிவதும் அங்கேதான். மழுங்கியே பிறந்த எழுத்தை அச்சு இயந்திரம் இதற்குமேல் என்ன செய்துவிட முடியும்? தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கும் கிட்டப்பார்வையுள்ள வாடிக்கையாளருக்கும் ஏற்ற எழுத்து என்று கூப்பரே இதைக் கேலியாகச் சிபாரிசு செய்ததாகச் சொல்வதுண்டு.

குணத்தைப் பொறுத்தவரை ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: கூப்பர் பிளாக்கால் கோபப்பட முடியாது. முகம் சுளிக்க ஒரு மடிப்பாவது வேண்டும். இதில் மடிப்பே இல்லை. பிரிட்டனின் பிபிசி 1968இல் ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற தொடரைத் தொடங்கியபோது இந்தக் குறை பெரும் வசதியாக அமைந்தது. கதைக்களம் இரண்டாம் உலகப் போர். ஹிட்லரின் படை எந்த நேரமும் கரையிறங்கலாம் என்ற நிலை. தலைப்பு கூப்பர் பிளாக்கில் வந்ததும், இந்தப் போரில் யாருக்கும் அடிபடாது என்பது பார்வையாளருக்கு முதல் நிமிடத்திலேயே விளங்கிவிட்டது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டு உறையிலும் இதே எழுத்து இடம்பெற்றது. சான் டியாகோ உயிரியல் பூங்காவில் குழுவினர் ஆடுகளுக்குத் தீனி கொடுக்கும் படம், மேலே பச்சைப் பட்டையில் நெருங்கியமர்ந்த குண்டு எழுத்துகள். உள்ளே இருந்த பாடல்களில் சோகம் கொஞ்சமல்ல. உறை அதைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

எழுபதுகளில் டி-ஷர்ட்டில் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் எழுத்துகளுக்கும் இது பெரிதும் பயன்பட்டது. காரணம் எளிது. மெல்லிய கோடு இல்லாததால் துவைப்பில் அறுபடாது. மூலை இல்லாததால் உரியத் தொடங்குவதற்கும் இடமில்லை.

ஆனால் விமானத்தில் ஒட்டியதுதான் துணிச்சலின் எல்லை. 1995இல் லண்டனுக்கு அருகிலுள்ள லூட்டனிலிருந்து பறக்கத் தொடங்கிய ஈஸிஜெட், தன் பெயரை ஆரஞ்சு நிறத்தோடு கூப்பர் பிளாக்கில் எழுதிக்கொண்டது. தொடக்ககால விமானங்களின் உடம்பில் முன்பதிவுத் தொலைபேசி எண்ணும் பெரிதாக இருந்தது. வேகத்தைக் காட்ட விரும்பும் விமான நிறுவனத்துக்கு மெலிந்த, சாய்ந்த எழுத்தே பொருத்தமாகத் தோன்றும். காற்றில் பறப்பதற்கு மிகக் குண்டான எழுத்தைத் தேர்ந்த இந்நிறுவனம் சொன்ன செய்தி வேறு: கட்டணம் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை. பெட்டியின் எடைக்குக் கறாரான விதி வைத்திருக்கும் தொழிலில் எழுத்தின் எடைக்கு மட்டும் விலக்கு எப்படிக் கிடைத்தது என்பது தனி ஆய்வுக்குரிய கேள்வி.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை சில. முழுவதும் பெரிய எழுத்துகளில் கோத்தால் சொல்லின் வடிவம் போய், கறுப்புத் திண்டுகளின் வரிசை மட்டும் எஞ்சும். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் தொகுப்போடு இது பல கணினிகளுக்குள் வந்து சேர்ந்துவிட்டதால், வேலைநீக்கக் கடிதத்தையும் இதில் அடிக்க வசதி இருக்கிறது. அப்படி அடித்தால் பெறுபவர் அதைப் பிறந்தநாள் அழைப்பென்று நினைத்துக் கேக்கை எதிர்பார்க்கக்கூடும். பத்துப் பாயின்ட் அளவுக்கு இறக்கினால் உட்குழிகள் அடைபட்டு, ஆங்கில ‘ஏ’யும் ‘இ’யும் ஒரே கறுப்புப் புள்ளியாகிவிடும். எனவே நிபந்தனைகளைப் பொடியெழுத்தில் தர விரும்பும் நிறுவனங்கள், விலையைக் கூப்பர் பிளாக்கிலும் நிபந்தனைகளை வேறொரு மெலிந்த எழுத்திலும் அச்சிடுகின்றன.