இடம் கிடைக்காத பெட்டி

ரயிலில் இடம் பிடிப்பது எங்கள் தலைமுறை கற்ற முதல் தற்காப்புக் கலை. எழும்பூரில் காலி ரேக் பின்னோக்கி ஊர்ந்து பிளாட்பாரத்துக்குள் வரும்போதே துண்டுகள் பறக்கும். துண்டு இல்லாதவர் செய்தித்தாளை வீசுவார். அதுவும் இல்லாதவர் பிள்ளையை வீசுவார். கம்பியில்லாத அவசர ஜன்னல் வழியாக அப்பா என்னை உள்ளே செருகி, “நீட்டிப் படுத்துக்கோடா, எவன் கேட்டாலும் எழுந்திருக்காதே” என்பார். தஞ்சாவூர் வரும்வரை அந்தப் பலகைமீது எனக்கிருந்த பாத்தியதை, பிற்பாடு முத்திரைத்தாள் வாங்கிப் பதிந்த எந்தச் சொத்தின்மீதும் இருந்ததில்லை.

அன்று அந்தப் பெட்டிக்குள் இடம் கேட்டு நின்றோம். இன்று அந்தப் பெட்டிக்காக இடம் கேட்டு நிற்கிறோம்.

நான் சொல்வது மீட்டர் கேஜ் பெட்டியை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1000 மில்லிமீட்டர். சென்ட்ரலிலிருந்து புறப்பட்டவர்களுக்கு அகலப் பாதை, 1676. எழும்பூருக்குத் தெற்கே இருந்த எங்கள் உலகம் அந்த ஆயிரத்துக்குள் அடங்கியது. பாண்டியன், சோழன், மலைக்கோட்டை, நெல்லை என்று பெயரெல்லாம் பெரிய பெயர். வேகம் மட்டும் அந்தந்த மன்னர் காலத்தது. 1977 ஆகஸ்ட் 15 அன்று வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோதுதான், மதுரைக்குப் போவதற்கு ஓர் இரவைப் பலி கொடுக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. உட்காருவதும் பலகையில்தான். மது தண்டவதே ரயில்வே அமைச்சராக வந்து, இரண்டாம் வகுப்புக்காரனுக்கும் முதுகு உண்டு என்று கண்டுபிடித்துப் பஞ்சு வைக்கச் சொன்னார். பஞ்சு வந்த சில மாதங்களிலேயே அதை பிளேடால் கிழித்துப் பார்த்தவர்களும் நாம்தான்.

அந்தப் பெட்டியை நாங்கள் திட்டாத திட்டு இல்லை. நீராவி எஞ்சின் காலத்தில் கரித்தூள் கண்ணில் விழும். கல்யாணத்துக்குப் போகிறவர் வெள்ளைச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பழைய சட்டையோடு பயணம் செய்வார். மரத்தட்டி ஜன்னல் மழைக்காலத்தில் ஏறாது, வெயில் காலத்தில் இறங்காது. மின்விசிறியைப் பேனாவால் தட்டிவிட்டால்தான் சுற்றும். “இந்த டப்பா வண்டியை எப்பத்தான் மாத்துவானோ” என்பது மெயின் லைனில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒருமனதாகச் சொன்ன வாக்கியம்.

மாற்றினார்கள். 1992-இல் நாடெங்கும் ஒரே அகலம் என்ற திட்டம் வந்தது. 1931-லிருந்து ஓடிக்கொண்டிருந்த கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-இல் நின்றது. போடிக்காரர்கள் 2010 கடைசியில் வழியனுப்பிவைத்த ரயில், அகலமாகித் திரும்பிப் போடியைத் தொட்டது 2023-இல். நிறுத்தும் நாளன்று ஒவ்வோர் ஊரிலும் எஞ்சினுக்கு மாலை போட்டார்கள், வாழைமரம் கட்டினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முந்தைய நாள்வரை அதே வண்டியைத் தவிர்த்துப் பேருந்தில் போனவர்கள்தான் அதிகம் அழுதார்கள் என்பது என் கணிப்பு.

பாதை போனதும் பெட்டி என்ன ஆகும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் உட்படத்தான். ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின்களில் சிலவற்றுக்கு யோகம் இருந்தது. மீட்டர் கேஜ் இன்னும் ஓடும் மலேசியாவுக்கும் மியான்மருக்கும் பிழைக்கப் போயின. தஞ்சாவூர்ப் பையன்கள் போன அதே திசை. பெட்டிகளில் சில, ஊழியர்கள் தங்கும் முகாம் பெட்டிகளாகச் சில காலம் ஒதுங்கி நின்றன. மற்றவை ‘கண்டம்’ என்று சாக்பீஸில் எழுதப்பட்டு, ஏலத்தில் இரும்பு விலைக்குப் போய், கேஸ் கட்டரால் துண்டுதுண்டாயின.

அகலப் பாதைப் பெட்டியின் ஓய்வுக்காலம் இன்னும் வேடிக்கையானது. நேரு 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் தொடங்கிவைத்த ஐசிஎஃப், சுவிட்சர்லாந்துக்காரர்களிடம் கற்ற வடிவமைப்பில் கடைசிப் பெட்டியை 2018 ஜனவரியில் செய்து முடித்தது. அந்தப் பெட்டிகளுக்கு ஆயுள் 25 ஆண்டு. அது முடிந்ததும் பலவற்றின் ஜன்னல்களை அடைத்து, இருக்கைகளைப் பிடுங்கி, முனையில் அகலக் கதவு வைத்துச் சரக்குக்கு அனுப்புகிறார்கள். ஏறும் சரக்கு என்ன தெரியுமா? புத்தம்புதுக் கார்கள். நாங்கள் வாசற்படியில் தொங்கிய அதே பெட்டியில் கார்கள் சாவகாசமாகப் போகின்றன. நடைபாதையில் ஒரு கார் நின்றுகொண்டு போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

2020-இல் இன்னொரு வேலையும் கொடுத்துப் பார்த்தார்கள். நடுப் படுக்கையைக் கழற்றி, கொசுவலை மாட்டி, 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொரோனா வார்டுகளாக்கினார்கள். பெரும்பாலானவற்றில் ஒரு நோயாளிகூட ஏறவில்லை. நாற்பது ஆண்டுகளாக நடுப் படுக்கையை எடுக்கச் சொல்லி மன்றாடியவர்களின் கோரிக்கை நிறைவேறியபோது, அதில் போக ஆளில்லை.

எல்லாப் பழைய பெட்டிக்கும் இந்தக் கதி இல்லை. டெல்லி சாணக்கியபுரியில் 1977-இல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்தில், 1875-இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது செய்த சலூன் நிற்கிறது. மைசூர் மகாராஜாவின் சலூனும் உண்டு. மைசூரிலேயே 1979-இல் ஒரு ரயில் அருங்காட்சியகம் வந்தது. அங்கேயும் அரண்மனைப் பெட்டிகளுக்கென்று தனிக்கூடம். சமஸ்தானத்துச் சலூன்கள் வேறு சிலவற்றைத் தேடி எடுத்துத் துடைத்து 1982-இல் ‘பேலஸ் ஆன் வீல்ஸ்’ என்று ராஜஸ்தானில் ஓடவும் விட்டார்கள். ராஜா ஆண்டுக்கு நாலு முறை ஏறிய பெட்டிக்குக் கூரை, கயிறு கட்டிய வேலி, காவலாளி. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழியும்வரை நாட்டில் பாதிப்பேரைச் சுமந்த பெட்டிக்கு ஏலம். காப்பாற்றப்படுவதற்கு ஒரு பொருள் ஆரம்பத்திலிருந்தே யாருக்கும் பயன்படாமல் இருந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கு இந்த ஞானோதயம் வெகு தாமதமாக வந்தது. ஒரு மீட்டர் கேஜ் பெட்டியை வாங்கி, பள்ளி மைதானத்தின் ஓரம் நிறுத்தி, நூலகமாக்குவது என்று தீர்மானம். பெட்டியும் கண்ணில் பட்டிருந்தது. கைவிட்ட ஒரு யார்டில், கருவேலங்காட்டுக்குள் அரக்கு நிறம் மங்கி நின்றது. கழிப்பறைக்குள் ஓர் அரசங்கன்று முளைத்து, கூரைக் காற்றாடித் துவாரம் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. டிக்கெட் இல்லாமல் அவ்வளவு நாள் அந்தப் பெட்டியில் இருந்த ஒரே ஜீவன். மின்விசிறிகள் ஒன்றுகூட இல்லை. ரயில் விசிறி நேர்மின்சாரத்தில் ஓடுவது, வீட்டு மின்சாரத்தில் சுற்றாது. அதைத் திருடியவன் வீட்டுக்குப் போய் மாட்டிப் பார்த்துவிட்டு அடைந்த ஏமாற்றத்தை நினைத்துக் கொஞ்சம் ஆறுதல் பட்டோம்.

பெண் பிடித்துவிட்டது, சீர்செனத்திதான் தகையவில்லை. பெட்டி இருபது மீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல் நீளம். தண்டவாளத்தை ஏற்கெனவே பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால் அது இருக்குமிடத்தை விட்டு உருள வழியில்லை. அங்கே ஒரு கிரேன், இங்கே ஒரு கிரேன். பெட்டியை ஒரு டிரெய்லரில் ஏற்றி, சக்கரங்களைத் தனி லாரியில் கொண்டுவர வேண்டும். வழியிலுள்ள மின்கம்பிகளை ஒவ்வொன்றாக உயர்த்திப் பிடிக்க ஆள் வேண்டும். கடைத்தெரு முனையில் ஓர் அலங்கார வளைவு இருக்கிறது. டிரெய்லர் மேல் பெட்டி வந்தால் இடிக்கும். வளைவில் இருப்பது ஒரு தலைவரின் பெயர். அத்தோடு அந்தப் பேச்சை விட்டோம். மனுக்களுக்கு ஓர் அலுவலகம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் அனுப்பியது. அந்தக் கடிதத்தின் தேதி, அதிலுள்ள முத்திரை, கையெழுத்து எல்லாமே வெவ்வேறு மாதங்களைச் சேர்ந்தவை.

இதற்கிடையே கூட்டங்கள். ஜன்னலை அடைத்துக் கண்ணாடி போட்டு ஏசி வைத்துவிடலாம் என்றார் அமெரிக்காவிலிருந்து காணொளியில் வந்தவர். பலகைகளை எடுத்தால் நிறைய மேசை போடலாம் என்றார் இன்னொருவர். உள்கூரை, எல்இடி, தரைக்கு டைல்ஸ். ஜன்னலும் பலகையும் போய்விட்டால் அதில் மீட்டர் கேஜ் எங்கே இருக்கும் என்று கேட்டேன். “வெளியே போர்டு வெப்போம் சார்” என்றார்கள்.

என் சித்தப்பா ஒருவர்தான் உருப்படியாகப் பேசினார். பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்திலிருந்த பட்டறையைத் திருச்சிக்குக் கொண்டுவந்து 1928-இல் தொடங்கியது பொன்மலை. அதன் சங்கொலியை வைத்துத்தான் திருச்சியில் பாதிப்பேர் கடிகாரத்தைத் திருத்தினார்கள்.

“பெட்டியக் கொல்றது வெயிலும் இல்ல, பாரமும் இல்லடா. கக்கூஸ் தண்ணி” என்றார் சித்தப்பா. அவர் காலமெல்லாம் செய்த வேலையே அதுதான். கழிப்பறைக்கு அடியிலும், வாஷ்பேசினுக்குக் கீழும், வாசற்படியோரமும், பக்கச்சுவர் உள்வாங்கித் தரையைத் தொடும் மடிப்பிலும் தண்ணீர் தங்கும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். சுத்தியலால் தட்டினால் தகடு அப்பளமாக உதிரும். ஓடுகிற பெட்டியை முறை வைத்துப் பட்டறைக்கு வரவழைத்து, அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து அனுப்புவார்கள். அனுப்பாவிட்டால் ஓடவிட மாட்டார்கள், அது சட்டம். “நிக்கிற பெட்டிக்கு எவன்டா சட்டம் போட்டான்? மேல ஷெட்டு போடாம நீ எங்க கொண்டுபோய் நிறுத்தினாலும் அஞ்சாறு மழைதான்” என்றார். ஷெட்டுக்கு மதிப்பீடு வாங்கினோம். பெட்டியின் விலையைவிட அதிகம்.

அவர் சொன்னதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பக்கத்தில் பழைய பாணிப் பெட்டிக்கு உண்மையான வீடு மேட்டுப்பாளையத்தில்தான் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ மரியாதை கிடைத்தது. அதுவும் மீட்டர் கேஜ்தான். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, பெட்டிகள் மலை ஏறுகின்றன. ஏறுவதால் பழுதாகின்றன, பழுதாவதால் பார்க்கப்படுகின்றன. பெரம்பூர் அருங்காட்சியகத்திலும் திருச்சி அருங்காட்சியகத்திலும் நிற்பவற்றுக்கு என் வணக்கம். ஆனால் அங்கே பெட்டியைத் தொடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். தொடாமல் மீட்டர் கேஜில் யார் போயிருக்கிறார்கள்?

பள்ளிக்காகத் திரட்டிய பணம் வங்கியில் சும்மா கிடந்தது. கடைசியில் தலைமையாசிரியர் வழி கண்டுபிடித்தார். பல பள்ளிகளில் செய்வதுபோல, இருக்கிற வகுப்பறைச் சுவரையே ரயில் பெட்டியாக வரைந்துவிடுவது. கிரேன் வேண்டாம், வளைவு இடிக்காது, துருப்பிடிக்காது. ஓவியரிடம் மீட்டர் கேஜ் என்று சொல்லியிருந்தோம். அவர் வயதுக்கு அது புரியவில்லை. கைபேசியில் ரயில் என்று தேடி, முதலில் வந்த படத்தைப் பார்த்து வரைந்துவிட்டார். மூக்கு கூர்ந்த, வெள்ளையும் நீலமுமான வந்தே பாரத். அதுவும் ஐசிஎஃப் தயாரிப்புதானே என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டு திறப்பு விழாவில் கைதட்டினோம். ஜன்னல் வரைந்திருக்கும் இடத்தில் ஜன்னல் இல்லை, ஜன்னல் இருக்கும் இடத்தில் கதவு வரைந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏக மகிழ்ச்சி.

பெட்டிக்கு இடம் தருவதில் இப்போது முன்னால் நிற்பவை உணவகங்கள். 2020-இல் அசன்சோலில் ஆரம்பித்த யோசனை, ஊர் ஊராக ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டது. போன மாதம் சித்தப்பாவை அப்படி ஒன்றுக்கு அழைத்துப்போனோம். அகலப் பாதைப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம். வாசலில் சீருடைப் பையன் பெயரை எழுதிக்கொண்டு, “வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கீங்க” என்றான். சித்தி ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கினாள். ஜன்னல் திறக்காது, ஏசி. வெளியே தெரிந்தது இரு சக்கர வாகன நிறுத்தம். அந்தக் காலத்தில் தஞ்சாவூர் போய்வர ஆன டிக்கெட் காசைப்போலப் பல மடங்கு ஒரு தோசைக்குக் கொடுத்துவிட்டு, நகராத பெட்டியில் உட்கார்ந்திருந்தோம்.

சித்தப்பா தோசையைத் தொடவில்லை. குனிந்து விரல் முட்டியால் தரையைத் தட்டினார். சுவரின் அடி மடிப்பைத் தடவினார். எழுந்து கடைசிவரை நடந்துபோய், கழிப்பறை இருந்திருக்க வேண்டிய மூலையில் பாத்திரம் அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“தம்பி, கக்கூஸ் எங்க?”

“பெட்டிக்குள்ள இல்லீங்க ஐயா, எடுத்துட்டாங்க. வெளிய ஸ்டேஷனுக்குத்தான் போகணும்.”

சித்தப்பா முகம் மலர்ந்தது. உட்கார்ந்து, தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தார்.

“அப்ப இது தாங்கும்டா” என்றார்.