ஒற்றசேகரமங்கல வட்டாரத்தில் குறிப்பெழுதும் கலை: ஒட்டுப்பாலை முன்வைத்து ஓர் ஆய்வு

சொந்தக் குறிப்புகளை நோட்டில் எழுதுவதா, செல்போனில் ஏற்றுவதா என்ற சிக்கலை உலக அறிஞர்கள் ஏசி அறையில் உட்கார்ந்தே ஆராய்ந்துவிட்டார்கள். ரப்பர் தோட்டத்தில் நின்று ஆராய ஆளில்லை. அக்குறை தீரவே இக்கட்டுரை. ஆய்வுப் புலம்: ஒற்றசேகரமங்கலமும் பாறசாலைப் பக்கத்துக் கேரள-தமிழக எல்லைக் கிராமங்களும்.

முதற்சான்று, ரப்பர் வெட்டுகிறவரின் விரல். சிரட்டையிலிருந்து வழியும் பால் விரல் நுனியில் காய்ந்து தோலாகப் படியும். இப்படிக் காய்ந்து ஒட்டும் பால்தான் ஒட்டுப்பால். அந்த விரலை வைத்தால் செல்போனின் கைரேகைப் பூட்டு உரியவரையே திருடனாகப் பார்க்கும். நோட்டுக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. ஆனால் அதற்கும் ஒரு பூட்டு உண்டு. பால் பட்ட இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டால், உள்ளே இருக்கும் கணக்கு எழுதியவருக்கே திறக்காது. கடவுச்சொல்லை மறந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஒட்டுப்பாலை என்ன செய்ய? மழையில் நோட்டும் செல்போனும் ஒன்றுதான். திரையில் விழும் துளி தானாக எழுதும், தாளில் விழும் துளி எழுதியதை அழிக்கும்.

அடுத்து, எல்லைப் பிரச்சினை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன; ஒற்றசேகரமங்கலம் அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. இதன் அரசியல் விளைவுகளைப் பிறர் எழுதட்டும். குறிப்பியல் விளைவு வேறு: ஒரே வரியில் ஆள் பெயர் தமிழில், சரக்கு மலையாளத்தில், எடை ஆங்கிலத்தில். பேனா இதைப் பொருட்படுத்துவதில்லை. செல்போனிலோ வரிக்கு இரண்டு தடவை மொழி மாற்றும் பூகோளப் பொத்தானை அமுக்கவேண்டும். அமுக்கி எழுதினாலும் ஆபத்து தீராது. மலையாள எழுத்தில் ஏற்றிய ஒட்டுப்பாலைத் தமிழ் எழுத்தில் தேடினால், அப்படி ஒரு பால் இல்லை என்றே பதில் வரும்.

இந்தக் கலப்பெழுத்துக்கு அரச மரபே உண்டு. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில், பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ரேகைகள் எனும் பதிவேடுகள் முதலான ஓலைகள் சுருணை சுருணையாகக் கிடக்கின்றன. அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, பழந்தமிழ் என எல்லாம் அவ்வோலைகளில் உண்டு. ஓலைக்கு சார்ஜ் ஏற்றுவது எளிது: புல்தைலம் தடவினால் போதும்.

செல்போன் பக்கமோ, 2023இன் கடைசியில் எவர்நோட் என்ற குறிப்புச் செயலி நிறுவனம், காசு கட்டாதவருக்கு 50 குறிப்பு, ஒரு நோட்டு என்று வரம்பு வைத்தது. கடையில் வாங்கிய 200 பக்க நோட்டு, ஐம்பதாம் பக்கத்தில் கையை நீட்டியதாக இவ்வட்டாரத்தில் ஒரு பதிவும் இல்லை.

ஆகவே தீர்ப்பு: ரப்பர் ஷீட் கணக்கும் பற்றுவரவும் நோட்டிலேயே இருக்கட்டும். மாதக் கடைசியில் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். எடுக்கும் முன் தயவுசெய்து கையைக் கழுவுங்கள்.