ஐயா வருகிற நாள்

கிளிவெட்டிப் பக்கத்து நெல் மில் முதலாளியைச் சாதாரண நாளில் பார்த்தால் முதலாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாரம், தோளில் துவாய், காதில் பேனை, தலையெல்லாம் உமித்தூசி. கதிரையில் இருப்பதால்தான் ஆள் தெரியும். பரிசோதனை நாளில் பார்க்கவேண்டும் அவரை! கழுவிய, மடிப்புக் கலையாத சேட்டு. சுவரில் நேற்று அடித்த சுண்ணாம்பு, இன்னும் காயவில்லை. சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வருடம் முழுவதும் இருந்த முதலுதவிப் பெட்டி மேசைக்கு வந்திருக்கும். அதன் திறப்பு மட்டும் வீட்டில், மனைவியிடம்.

பரிசோதனைக்கு ஐயா வருவது இவருக்கு எப்படித் தெரியும்? தொழிற் பரிசோதனை பற்றிய 81ஆம் இலக்கச் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1956இலேயே ஏற்றுக்கொண்டது. பரிசோதகர் இரவோ பகலோ முன்னறிவித்தல் இல்லாமல் நுழையலாம் என்கிறது அதன் 12ஆம் உறுப்புரை. அதை வரைந்தவர்கள் கிளிவெட்டிச் சந்தியில் ஒரு பிளேன்ரீ குடித்துப் பார்த்திருக்கமாட்டார்கள். முன்பு திருகோணமலை அதிகாரிகள் மூதூர் லாஞ்சில் வருவார்கள். அவர்கள் துறையில் கால் வைக்கும்போதே செய்தி கிளம்பிவிடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் தரைவழி சுலபமானது. கைத்தொலைபேசி அதைவிடச் சுலபம்.

முதலாளி சட்டத்தை மதிக்காதவர் என்று நினைப்பது அநியாயம். சட்டத்தை அவ்வளவு நுணுக்கமாகப் படித்தவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அவர் படித்தது புத்தகத்தில் அல்ல, அதிகாரிகளின் கண்ணில். எவர் எங்கே பார்ப்பார் என்பது அவருக்கு மனப்பாடம்.

பிரதேச சபையிலிருந்து வருபவர் அனுமதிப்பத்திரத்தைப் பார்ப்பார். அது கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அந்தப் பத்திரத்துக்கு வைத்த உச்சக் கட்டணம் வருடத்துக்கு 1000 ரூபா. அந்தக் காலத்தில் அது காசு. இன்றைக்கு ஒரு கோழிப் புரியாணியோடும் சோடாவோடும் தீர்ந்துவிடும். இந்த வருமானத்தில் சபை மில்லைத் துருவிப் பார்க்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பீஎச்ஐ ஐயா, வந்தால் நேரே பின்வளவுக்குப் போவார். சிரட்டை, பழைய டயர், தண்ணீர் தேங்கிய பீலி. நுளம்பு பெருக இடம் கொடுத்தால் வழக்குப் போட 2007இல் தனிச்சட்டமே வந்துவிட்டது. ஆகவே அந்த வளவில் ஒரு சிரட்டைகூட வாய் திறந்து கிடக்காது. ஆனால் பின்வளவுக்குப் போகிற வழியில், மூடி இல்லாமல் ஓடுகிறது மில்லின் பெரிய பெல்ட். காற்சட்டையைச் சற்று ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஐயா அதைத் தாண்டுவார். அவரை மட்டும் குறை சொல்வது சரியல்ல. டெங்கு, சாப்பாட்டுக் கடை, பாடசாலை மலசலகூடம் எல்லாம் அவர் தலையில்தான். வேலைத்தலச் சுகாதாரமும் கடமைப் பட்டியலில் உண்டு. பட்டியல் நீளம், பகல் கட்டை.

பெல்ட்டைப் பார்க்கவென்றே ஓர் ஐயா இருக்கிறார். சுழலும் பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே சொல்லிவிட்டது. அதை நடைமுறைப்படுத்துபவர் தொழில் திணைக்களத்தின் பரிசோதனைப் பொறியியலாளர். திணைக்களம் மத்திய அரசினுடையது, பீஎச்ஐ சுகாதாரப் பகுதி, சபையோ தனி. மூவரும் ஒரே நாளில் வந்து நின்றால் முதலாளி தாங்கமாட்டார். அப்படி ஓர் ஆபத்து இதுவரை நேரவில்லை.

இந்தப் பங்குபிரிப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டு வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பெரும்பாலும் கடைகளும் அலுவலகங்களும் உள்ளூர்ச் சபைகளின் பொறுப்பு. தொழிற்சாலைகளை மத்திய நிறுவனம் பார்க்கிறது. 2013இல் அங்கே ஒரு தேசிய விதிக்கோவை வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பரிசோதிப்பதை ஆபத்து கூடிய இடங்களோடு நிறுத்திக்கொள்ளும்படி சபைகளுக்கு அது சொன்னது. முதலாளி கேள்விப்பட்டால் லண்டனில் ஒரு கடை போடுவது பற்றி யோசிப்பார்.

பெரும்போக அறுவடை முடிந்து அல்லைப் பக்கத்து நெல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் நாட்களில் மில் இராப்பகலாக ஓடும். பெல்ட் அடிக்கடி கழலும். ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தாமல் கம்பால் தட்டி ஏற்றுகிற வித்தை அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படியொரு நாளில் புதிதாக வேலைக்கு வந்த பொடியன் கேட்டான்:

"முதலாளி, இதுக்கு ஒரு கம்பி வலை அடிச்சா என்ன?"

"ஆர் கேட்டது? ஐயாவா?"

"இல்ல, நான்தான்."

முதலாளிக்கு மூச்சு வந்தது.

"வலை வாங்கி ரெண்டு வருசம், தம்பி. ஸ்டோரில சுருட்டினபடி கிடக்கு. பில்லும் பைலில இருக்கு. ஐயா வாற அண்டைக்குக் காலமை அடிப்பம்."