பூங்காவைச் சுற்றி ஒரு பேரணி

பெங்களூரில் பிளாஸ்டிக்கை ஒழிக்கும் பொறுப்பு கடைசியில் பிள்ளைகள் தலையில் வந்து விடிந்திருக்கிறது. கர்நாடக அரசு 2016 மார்ச்சிலேயே பை, தட்டு, ஸ்பூன், ஃபிளெக்ஸ் என்று தடை போட்டது. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசும் தன் பங்குக்குப் போட்டது. இரண்டையும் தாண்டி வந்த கவர், ரிச்சர்ட்ஸ் டவுன் காய்கறி வண்டியில் கேட்காமலே கிடைக்கிறது.

ஆகவே பேரணி. ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்தால் போதும், ஐந்தாம் வகுப்பு ரிச்சர்ட்ஸ் பூங்காவைச் சுற்ற வேண்டியதுதான். முன்னால் ஃபிளெக்ஸ் பேனர். அதில் பூமியைவிடப் பெரிதாக ஏரியா பிரமுகர், கும்பிட்ட கையோடு. முடிவில் பாட்டிலில் மாம்பழ ஜூஸ், லேமினேட் போட்ட சான்றிதழ்.

"மிஸ், காலி பாட்டிலை எங்க போடுறது?" என்று ஏதாவது வாண்டு கேட்டுவைக்கும்.

"முதல்ல போட்டோவுக்கு நில்லு."