அரசுக்கு மிச்சம்

1980களில் நான் தாலுகா ஆபீஸில் சேர்ந்தபோது சிக்கனம் என்பது தபேதாரின் கையில் இருந்தது. வந்த தபால் உறையைக் கிழிக்காமல் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி மடித்து, மைதாப் பசை தடவி மறுபடி உறையாக்கிவிடுவார். கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் ஆள் தெரியும்வரை பயன்படுத்துவோம்.

கிராமங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போக வேண்டுமென்றால் அது ஒரு கல்யாண வேலை. தட்டச்சர் ஸ்டென்சில் வெட்டுவார். எழுத்து பிழைத்தால் அதன்மேல் சிவப்புத் திரவம் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, மறுபடி தட்டுவார். சைக்ளோஸ்டைல் மெஷினை உருட்டியவர் அன்று மதியம் மை மணக்கத்தான் சாப்பிட வேண்டும்.

2001இல் ஆள் எடுக்கத் தடை வந்தது. 2006 வரை நீடித்தது. ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அவர்கள் கோப்புகள் மட்டும் ‘கூடுதல் பொறுப்பு’ என்ற பெயரில் எங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்தன. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. “இனிமே ஆள் எதுக்குய்யா?” என்றார் ஆய்வுக்கு வந்த அதிகாரி. கம்ப்யூட்டர் மூன்று பேர் வேலையைச் செய்தது உண்மை. அந்தக் கம்ப்யூட்டரின் வேலையை நான்தான் செய்தேன்.

2020 மே மாதம், கொரோனாவுக்கு நடுவே செலவுக் குறைப்பு ஆணை: அலுவலகச் செலவில் 20 சதவீதம் வெட்டு, புதிய பணியிடம் கிடையாது, அரசு விழாவில் சால்வை, பூங்கொத்துகூடக் கிடையாது. அதே மாதம் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆனது. மறு ஆண்டு 60. ஓய்வுக்காலப் பணத்தைத் தள்ளிப்போட அரசு கண்ட தொழில்நுட்பங்களிலேயே மலிவானது அதுதான். ஒரு காலண்டர் போதும்! 58இல் மாலையோடு கிளம்ப வேண்டிய நான் மேலும் இரண்டு வருஷம் கோப்பு பார்த்தேன்.

போன மாதம் பழைய ஆபீஸுக்குப் போயிருந்தேன். என் இருக்கையில் இப்போது ஓர் இளநிலை உதவியாளர், சின்னப் பெண்.

“தபால் புக் எங்கம்மா?”

“எல்லாம் வாட்ஸ்அப் குரூப்லதான் சார்.” போனை நீட்டினாள். காலையிலிருந்து படிக்காத செய்திகள் மட்டும் எண்பத்தேழு. பெரும்பாலும் ‘மிக அவசரம்’.

“ஆபீஸ் போனாம்மா?”

“என்னோடதுதான் சார். ரீசார்ஜும் நான்தான்.”

மனுதாரர் பாடு தேவலை. வருமானச் சான்றுக்காகப் பஸ் ஏறி, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அலைந்து, நாள் கூலியை இழந்த காலம் போய்விட்டது. அதே மூன்று படிகளை இப்போது மனு மட்டும் ஏறுகிறது. விவரங்களை இ-சேவை மையத்துப் பையன் தட்டுகிறான். கட்டணம் 60 ரூபாய், கொடுப்பது மனுதாரர். முன்பு பஸ்காரருக்குப் போன காசு இப்போது மையத்துக்குப் போகிறது. தட்டச்சர் பணியிடம் மிச்சம்.

எங்கேயும் செலவு குறைந்ததாகத் தெரியவில்லை, தலைப்புதான் மாறியிருக்கிறது. கருவூலக் கணக்கில் இருந்தது எங்கள் சட்டைப்பைக்கு வந்துவிட்டது.

என் சட்டைப்பையும் தப்பவில்லை. ஓய்வூதியர்கள் ஆண்டுக்கொரு முறை நேர்காணலுக்குக் கருவூலம் போய், உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. “என்ன சார், சௌக்கியமா?” என்று எழுத்தர் நிமிர்ந்து பார்ப்பார், வேலை முடிந்தது. இப்போது தபால்காரரே கருவியோடு வீடு தேடி வருகிறார். விரலை வைத்தால் நான் உயிரோடிருப்பது உறுதியாகிவிடும். கட்டணம் 70 ரூபாய்.

அரசு இவ்வளவு மிச்சம் பிடித்த பிறகு அந்தப் பணத்துக்கு யாராவது கணக்கு வைக்க வேண்டாமா? நூறு வயது வரை ஓய்வூதியம் வாங்குவதென்று தீர்மானித்திருக்கிறேன்.